ஒரு சீசன் நிற்க வேண்டும்

செப்டம்பர் 6, வெள்ளி

இந்த டைரியை நான் எழுத ஆரம்பிப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான். நான் குளவி இல்லை.

எல்லாம் வனிதாமணியால் வந்த வினை. எங்கள் லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிர் சீட்டு. அரக்கோணத்தில் என்னோடு ஏறி ஆவடியில் இறங்குவாள். அங்கே ஒரு கல்லூரியில் நூலகர். படித்தவள், ஆனாலும் நல்லவள். இன்று போனில் ஏதோ பரீட்சையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டாள். பதிலைத் தட்டினால் நாம் என்ன ரகம் என்று போன் சொல்லிவிடுமாம். நாலு ரகம். யானை, யாரையும் சீண்டாது, அதையும் யாரும் சீண்ட முடியாது. காக்கா, கூட்டம் கூட்டிச் சத்தம் போடும், கிடைத்ததைப் பகிர்ந்து தின்னும். ஆமை, தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் கல் எறியலாம். கடைசியில் குளவி. 'பிறரைக் கொட்டி மகிழும் சுபாவம்' என்று போட்டிருந்தது.

வனிதாமணி யானை. கடம்பத்தூரில் ஏறும் கஸ்தூரி காக்கா. எனக்குக் குளவி வந்தது.

கஸ்தூரி சிரித்த சிரிப்பில் அவள் மடியிலிருந்த வேர்க்கடலை எல்லாம் கொட்டிப்போச்சு. "ஊருக்கே தெரிஞ்சதை அந்தப் போனு இன்னிக்குத்தான்க்கா கண்டுபுடிச்சுது!" என்றாள். இந்த வாரம் முழுக்க உன் கடலையைத் தொட மாட்டேன், இனிமேல் உனக்கு இடமும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வாயை மூடினாள்.

"தினமும் டைரி எழுதுங்கக்கா. நாம யாருன்னு நமக்கே தெரிஞ்சிரும்" என்று வனிதாமணி சொன்னாள். எழுதுகிறேன். ஒரு மாதம் கழித்து இதை அவள் மூஞ்சியிலேயே தூக்கிப் போடுகிறேன்.

வீட்டுக்காரரையும் அந்தப் பரீட்சை எழுத வைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். ஆமை வந்தது. பாவம், அவர் கடையில் யாரோ அவரை மிரட்டுகிறார்கள் போலிருக்கிறது.

ஆஃபீஸ்: வழக்கம் போல.

செப்டம்பர் 9, திங்கள்

புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். நெட்டையாக, எண்ணெய் வழிய வாரிய தலை. நான் கஸ்தூரிக்குக் கைக்குட்டை போடும் இடத்தில் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, எந்திரி. அது கஸ்தூரி எடம்."

"அப்படியாக்கா? அவுக எங்க?"

"கடம்பத்தூர்ல ஏறுவா."

"கடம்பத்தூர் எப்பக்கா வரும்?"

"வரும்போது வரும். நீ எந்திரி."

எழுந்துவிட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னால் முகம் சுருங்க வேண்டாமா?

எங்கள் பெட்டியின் சட்டத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதச் சீசன் டிக்கெட் முடியும் வரை நிற்க வேண்டும். முடிந்த மறுநாள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டு உட்காரலாம். அதுவரை அவர்கள் பையையும் யாரும் மடியில் வாங்க மாட்டோம். சட்டம் போட்டவள் நான்தான். ஆனால் நியாயமான சட்டம். இடத்தின் அருமை நின்றால்தானே தெரியும்?

"சரிக்கா, நிக்கேன்" என்றாள். 'நிக்கேன்'! கஸ்தூரி ஏறியதும் அவளிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். இரண்டு பேரும் வேப்பம்பட்டு வரை சிரித்தோம். அந்தப் பெண்ணும் கூடச் சிரித்தாள்.

பெயர் செல்லக்கனி. தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி அரக்கோணம் வந்திருக்கிறாள். பெரம்பூரில் இறங்கினாள்.

தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். நாளைக்கு உப்புமா.

செப்டம்பர் 11, புதன்

மத்தியானம் சாப்பிடும்போது மேனேஜர் பிரபாவதி மேடம் வந்தார். என் டப்பாவை எட்டிப் பார்த்து, "இதையெல்லாம் மனுஷங்க சாப்பிடுவாங்களா குணா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் தமாஷானவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் நல்ல படிப்பு.

பாதி டப்பாவை அப்படியே கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டேன். பசியில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

செல்லக்கனி கையில் தூக்கு வாளி மாதிரி ஒரு டப்பா. வாங்கித் திறந்து பார்த்தேன். கருவாட்டுத் தொக்கு. "இதையெல்லாம் மனுஷங்க சாப்பிடுவாங்களா?" என்றேன். பெட்டியே சிரித்தது.

"திங்கத்தானக்கா செஞ்சிருக்கேன். ஒரு வாய் பாருங்களேன்" என்று டப்பாவை நீட்டினாள். நான் தொடவில்லை. மானங்கெட்ட கஸ்தூரி விரலால் வழித்துத் தின்றுவிட்டு, "அக்கா, தேவாமிர்தம்!" என்றாள்.

இந்தப் பெண் ஆமையும் இல்லை. ஆமை என்றால் தலையை உள்ளே இழுக்க வேண்டாமா? இவள் டப்பாவை நீட்டுகிறாள். வனிதாமணியின் பரீட்சை சுத்தப் பொய்.

செப்டம்பர் 18, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் கவிச்சி கிடையாது. அவர் முகம் தொங்கிவிட்டது.

பெட்டியில் எல்லோரும் ஆஃபீஸ் கதை பேசினோம். எங்கள் மருந்துக் கம்பெனியில் நான் தும்மினால் மேனேஜரே எழுந்து நிற்பார் என்றேன். கஸ்தூரி வாயைப் பிளந்து கேட்டாள். "எங்க எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு உன்னிய மாதிரி ஒரு ஆளு வேணும்க்கா, அந்த சூப்பர்வைசர் ஆட்டத்த அடக்க" என்றாள். ஒரு நாள் வந்து அடக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆஃபீஸ்: வழக்கம் போல.

செப்டம்பர் 20, வெள்ளி

ஒரு பில்லில் தேதி மாறிப்போயிருந்தது. மேடம் கூப்பிட்டார். ஃபைலைப் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவர் போன் பேசி முடித்து, டீ குடித்து, இன்னொரு போனும் பேசினார். கால் வலித்தது, அலமாரியில் லேசாகச் சாய்ந்தேன். "சாயாதே. நேரா நில்லு" என்றார்.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்த ஆஃபீஸில் பழைய ஃபைல் அதிகம், தூசியும் அதிகம்.

செப்டம்பர் 23, திங்கள்

அவரைக்காய் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. காராமணி வாங்கினேன்.

காலையில் செல்லக்கனி கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு தூங்கி வழிந்தாள். "சாயாதே. நேரா நில்லு" என்றேன். திடுக்கிட்டு விழித்து நேராக நின்றாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டது போலிருந்தது. எங்கே என்று யோசிக்கவில்லை. மாவு அரைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

நேற்று மத்தியானம் ஆஃபீஸில் சும்மா இருந்தபோது வனிதாமணியின் பரீட்சையை என் போனில் இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன். 'ஒருவர் உங்களைக் கேலி செய்தால் என்ன செய்வீர்கள்?' மேடத்தின் கண்ணாடி அறை எதிரில்தான் இருந்தது. நினைத்ததைத் தட்டினேன்.

இன்று அதை வனிதாமணியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஆமை. அதுவும் சாதா ஆமை இல்லக்கா. ஓட்டை விட்டு வெளியவே வராத ஆமை. யாருக்கா இது? பாவமா இருக்கு" என்றாள்.

"எங்க ஆஃபீஸ்ல ஒருத்தி" என்றேன்.

"அவங்ககிட்ட நீங்க கொஞ்சம் அன்பாப் பேசுங்கக்கா. அவங்களுக்குன்னு ஒரு ஆள் வேணும்."

பேசுகிறேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருநின்றவூர் ஏரியில் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

ஒரு வாரமாகத் தலைசுற்றல். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வெறும் வயிற்றோடு, எங்கள் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் கிளம்பி, பெரம்பூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற லேபுக்குப் போனேன். கையை நீட்டச் சொல்லி வெள்ளைக் கோட்டில் வந்து நிற்கிறாள் செல்லக்கனி!

நான் ஊசிக்குப் பயப்படுகிறவள் இல்லை. பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஐயையோ என்று நான் கத்தியது ஊசி போடுவதற்கு முன்பா பின்பா என்று எனக்கு ஞாபகமில்லை. முன்பு என்று அவள் சொல்கிறாள். வெளியே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை பயந்து அழுதது.

அவள் சிரிக்கவில்லை. "இங்க வந்து சத்தம் போடுதவுக எல்லாம் பயந்தவுகதான்க்கா. போலீஸ்காரரே கத்தியிருக்காரு. அந்தாப் பாருங்க, அந்தச் சுவத்துல பல்லி" என்றாள். பல்லியைத் தேடினேன். பல்லி இல்லை. அதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருந்தாள்.

பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும்போது போன் வந்தது. ஒரு கையால் எடுத்ததில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. "ஏய் குணா, எங்க செத்துக் கிடக்க? மணி என்ன? அறிவு கெட்ட ஜென்மம்!" நான் "வந்துட்டேன் மேடம், வந்துட்டேன் மேடம்" என்று எழுந்து நின்றேன். ரத்தப் பரிசோதனை என்று சொல்லத் தோன்றவில்லை.

செல்லக்கனி பக்கத்தில் நின்று முழுசும் கேட்டாள். நாளைக்குப் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். நான் தும்மினால் மேனேஜர் எழுந்து நிற்கும் கதையை இனி யாரிடம் சொல்வேன்? இத்தனை வருஷத்தில் எனக்கு மரியாதை கிடைக்கும் இடம் என்று இருப்பது அந்த ஒரு பெட்டிதான். அதுவும் போச்சு.

அக்டோபர் 1, செவ்வாய்

சொல்லவில்லை.

அவள் பாட்டுக்கு நின்றுகொண்டு வந்தாள். கஸ்தூரி, "இன்னாக்கா, கையில இன்னா பிளாஸ்திரி?" என்று கேட்டாள். தலைப்பை இழுத்து மூடினேன். செல்லக்கனி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "கொசுவாயிருக்கும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மோசூர் தாண்டுவதற்குள் சொல்லி முடித்திருப்பேன்.

அக்டோபர் 4, வெள்ளி

சர்க்கரை இல்லை. ரத்தம்தான் குறைவு. பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டை செல்லக்கனியே வண்டியில் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் என் பையில் சொருகினாள். அதோடு கால் கிலோ பேரீச்சம்பழமும் இருந்தது.

நல்ல பழம்.

அக்டோபர் 7, திங்கள்

இடி விழுந்தது.

மேடம் நாளைக்கு லீவு போட்டுவிட்டு சோளிங்கர் பெருமாளைப் பார்க்கப் போகிறாராம். இரவு அரக்கோணத்தில் அண்ணன் வீட்டில் தங்கல். "புதன்கிழமை காலையில உன் ட்ரெயின்லதான் வர்றேன். எனக்கு ஜன்னல் சீட்டுப் போட்டு வை" என்றார்.

என் பெட்டிக்கு! அவர் வாயைத் திறந்தால் கஸ்தூரிக்குத் தெரியும், வனிதாமணிக்குத் தெரியும். லீவு போடலாமா என்று பார்த்தேன். போட்டால் யார் சீட்டுப் போடுவது என்று அதற்கும் திட்டு விழும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ யாருக்கும் பயப்பட மாட்டியே குணா?" என்றார். அப்பாவி மனுஷன். அவருக்கு என்ன தெரியும்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்றோடு செல்லக்கனியின் சீசன் முடிகிறது. நாளைக்கு அவள் உட்கார வேண்டிய நாள். என் பக்கத்து இடம், நடு இடம், அவளுக்கு. கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வண்டி கிளம்பியதிலிருந்து அதே பேச்சு. "நாளைக்கு உக்காந்து, கால நீட்டி, வில்லிவாக்கம் வரைக்கும் தூங்குவேன்" என்றாள்.

என் சிநேகிதி ஒருத்தி நாளைக்கு வருகிறாள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். 'சிநேகிதி' என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

அக்டோபர் 9, புதன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் மேடம் வந்ததும் கைப்பையை என் தோளில் மாட்டினார். ஒரு பெரிய பிரசாதக் கூடையும் இருந்தது. என் ஜன்னல் சீட்டைக் காட்டினேன். "இந்தப் பக்கமா? வெயில் அடிக்குமே. மண்டையில ஏதாவது இருக்கா உனக்கு?" என்று உட்கார்ந்தார். கூடையை நடு இடத்தில் வைத்தார். மூன்றாவது இடத்தில் கஸ்தூரிக்காக நான் போட்ட கைக்குட்டை கிடந்தது.

மிட்டாய்ப் பொட்டலத்தோடு செல்லக்கனி வந்தாள். கூடையைப் பார்த்தாள். நான் அவள் காதில், "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், லேபில் பார்த்த மாதிரி. "சரிக்கா" என்று கம்பியைப் பிடித்து நின்றாள். நானும் பக்கத்தில் மேடத்தின் பையோடு நின்றேன்.

வண்டி கிளம்பியது. மேடத்துக்குப் பொழுது போகவில்லை. எதிரே இருந்த வனிதாமணியிடம் பேச ஆரம்பித்தார். "இவ இங்கயாவது பேசுவாளா? ஆஃபீஸ்ல வாயே திறக்க மாட்டா. நில்லுன்னா நிப்பா. போன மாசம் ஒரு பில்லுல தப்புப் பண்ணிட்டு ஃபைலோட நிக்க வச்சேன் பாருங்க, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. சின்னப் புள்ள தோத்துச்சு!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வனிதாமணி என்னைப் பார்த்தாள். ஓட்டை விட்டு வெளியே வராத அந்த ஆமை யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணவூரில் இறங்கி வயல் வழியாக ஓடிவிடலாமா என்று நினைத்தேன். மானம் போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது செல்லக்கனி பொட்டலத்தை வனிதாமணி மடியில் வைத்தாள். பிரசாதக் கூடையை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே பலகையில் வைத்தாள். "பெருமாள் மேல இருக்கட்டும் மேடம். இன்னொன்னு சொல்லணும், தப்பா நினைக்கக் கூடாது. இந்தப் பெட்டியில ஒரு சட்டம் உண்டு. புதுசா வாரவுக ஒரு சீசன் நிக்கணும். நான் நேத்தோட முடிச்சேன். நீங்க இன்னைக்குத்தான் ஆரம்பிக்கீக."

"என்னது?"

"நிக்கணும் மேடம். குணாக்கா போட்ட சட்டம். யாருக்கும் விலக்குக் கெடையாது."

மேடம் முகம் சிவந்தது. "குணா! யார் இவ? என்ன ரவுடித்தனம் இது?"

பெட்டி முழுக்க என்னைப் பார்த்தது. 'சின்னப் பொண்ணு மேடம், தெரியாம பேசிட்டா' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செல்லக்கனி அவசரப்படவே இல்லை. நாளெல்லாம் நேரம் இருக்கிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

கடம்பத்தூர் வந்தது. கஸ்தூரி ஏறினாள். ஒன்றும் தெரியாதவள். நான் தோளில் பையோடு நிற்பதைப் பார்த்து வாசலிலேயே கத்தினாள். "இன்னாக்கா, நீ நிக்கிற? உன் ஜன்னல்ல யாருக்கா அது?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் என்ன ஆனதோ. என் வாயிலிருந்து என் காலை நேரக் குரல் வந்தது. தினமும் இந்தப் பெட்டியில் நான் பேசுகிற குரல். அதை மேடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

"புதுசுடி கஸ்தூரி. நிக்கணும்னுதான் சொல்லிட்டிருக்கோம். எந்திரிங்க மேடம்."

"குணா, யார்கிட்ட பேசற தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆஃபீஸ் பதினோரு ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம். இது எங்க பெட்டி."

பதினொன்று என்பது தப்பு. இன்னும் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் கணக்கா பார்க்க முடியும்? கஸ்தூரி இடுப்பில் கை வைத்துவிட்டாள். பின் சீட்டுக்காரிகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மேடம் எழுந்தார்.

எழுந்து நின்ற மேடத்துக்கு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. வண்டி குலுங்கியதும் ஒரு கை என் புடவையைப் பிடித்துக்கொண்டது. கண் ஒரு மாதிரி உருண்டது. அந்தக் கண்ணை நான் பார்த்திருக்கிறேன், ஆஃபீஸ் பாத்ரூம் கண்ணாடியில். எனக்குக் குஷியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு, "கம்பியை நல்லாப் புடிச்சுக்குங்க மேடம், சாய்ஞ்சுக்குங்க. திருவள்ளூர் தாண்டினா ஆட்டம் ஜாஸ்தி" என்றேன்.

செல்லக்கனி நடு இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மேடத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். "பையைக் குடுங்க மேடம், நான் மடியில வச்சுக்கிடுதேன்."

புதிதாக வந்தவர்கள் பையை யாரும் வாங்கக் கூடாது என்பதும் என் சட்டம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் தோளிலிருந்த மேடத்தின் பையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். கருப்பட்டி மிட்டாய் மேடத்துக்கும் போனது. அவர் ஒன்று எடுத்தார். கொஞ்சம் கழித்து இன்னொன்றும் எடுத்தார்.

ஆவடியில் வனிதாமணி இறங்கியதும் அந்த இடத்தில் மேடத்தை உட்கார வைத்தேன்.

நான் என் ஜன்னலில் உட்கார்ந்தேன். கஸ்தூரி என் காதோரம் வந்து, "அக்கா, அந்தம்மா தும்முனா நீதான் எழுந்து நிப்பியாக்கா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆமாண்டி" என்றேன். அவள் என் கையில் ஒரு பிடி வேர்க்கடலையை வைத்து அழுத்தி மூடினாள்.

மானம் போகவில்லை. எங்கே போச்சு என்று பெட்டி முழுக்கத் தேடிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

பெட்டியில் ஆயுத பூஜை! வருஷத்தில் எனக்குப் பிடித்த நாள். கம்பிகளில் வாழைக்கன்று, ஜன்னலெல்லாம் மாவிலைத் தோரணம், கலர் பேப்பர். அரக்கோணம் பிளாட்பாரத்தில் கஸ்தூரி பூசணிக்காய் உடைத்தாள். அதற்காகவே கடம்பத்தூரிலிருந்து விடியற்காலை எதிர் வண்டி பிடித்து வந்திருந்தாள். கார்டுக்கும் டிரைவருக்கும் பொரி கடலை கொடுத்தோம்.

கற்பூரம் காட்டுவது எப்போதும் நான்தான். இந்த வருஷம் தட்டை செல்லக்கனியிடம் கொடுத்தேன். "எனக்குக் கை நடுங்குது, நீ காட்டு" என்றேன்.

"நடுங்கலியேக்கா?"

"நடுங்குதுன்னா நடுங்குது."

காட்டினாள். பொரி வாளியை ஆட்டிக்கொண்டு கஸ்தூரி பாடிய பாட்டைப் பற்றி எழுதாமல் இருப்பதே அவளுக்கு மரியாதை.

வனிதாமணி போனை நீட்டி, இன்னொரு தடவை பரீட்சை எழுதிப் பாருங்கள் என்றாள். "எங்க உட்கார்ந்து எழுதறோமோ அந்த ரகம்தான்டி வருது. எனக்கு நேரமில்ல, பொரி பங்கு போடணும்" என்றேன். பெட்டிக் கோடி வரைக்கும் கூவிக் கூவிக் கொடுத்தேன். "காக்கா" என்று அவள் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆஃபீஸ்: மேடம் காலையில் "ஏய்" என்றார். "குணசுந்தரின்னு கூப்பிடுங்க மேடம்" என்றேன். சொன்ன பிறகு அடுக்கிய பில்களையே இரண்டு தடவை அடுக்கினேன். ஆனால் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் போகும்போது, "அந்தக் கருப்பட்டி மிட்டாய் எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

வீட்டுக்காரருக்கு இன்று காபியை நானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அந்த மனுஷன் எனக்குத்தான் ஆமை என்று இத்தனை நாள் கழித்துப் புரிகிறது. புரட்டாசி முடியட்டும், செல்லக்கனியிடம் கருவாட்டுத் தொக்குப் பக்குவம் கேட்டுச் செய்து போடுகிறேன்.

பெட்டியில் புதிதாக ஒரு பெண் வந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. கதவோரமே நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இங்க வாம்மா, ஜன்னலோரம் உட்காரு" என்றேன்.

"அப்ப நீங்கக்கா?" என்றாள் வனிதாமணி.

"நான் நிக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு. நின்னா ரத்தம் ஊறும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கடம்பத்தூரில் ஏறிய கஸ்தூரி, "எத்தினி நாளைக்குக்கா இந்த வைத்தியம்?" என்று கேட்டாள். ஒரு சீசனுக்கு என்றேன். அவள் ஏதோ கேலி செய்ய வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடலையை உரிக்க ஆரம்பித்தாள்.

நிற்பது ஒன்றும் அவ்வளவு சுலபமில்லை. செவ்வாப்பேட்டை வருவதற்குள் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. கம்பியில் சாய்ந்தேன். டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, இந்த டைரி எல்லாம் சேர்ந்து தோளை இழுத்தது.

நடு இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த செல்லக்கனி கண்ணைத் திறந்தாள். ஏன் நிற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கையை நீட்டினாள்.

"பையைக் குடுங்கக்கா."

கொடுத்தேன்.